உயர்தர மடக்குக்கத்தி: அன்றாடப் பயன்பாட்டுக்கான தேர்வு

அலகு கைப்பிடிக்குள் மடிந்து அடங்கும் கத்தியே மடக்குக்கத்தி. அதற்கு உறை வேண்டாம். பையில் போட்டுக்கொள்ளலாம், வேண்டும்போது எடுத்து விரிக்கலாம். பார்சல் பிரிப்பது, கயிறு அறுப்பது, பழம் நறுக்குவது, ஒயரின் மேலுறையைச் சீவுவது என்று நாள்தோறும் வரும் சில்லறை வேலைகளுக்கு உரியது இது. பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890இல் ஜோசப் ஓப்பினெல் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்தி இன்றும் சுமார் 20 டாலருக்குக் கிடைக்கிறது. மேற்சொன்ன வேலைகளில் எதையும் அது குறைவாகச் செய்வதில்லை. அப்படியிருக்க, 150 டாலர், 250 டாலர், 500 டாலர் என்று விலை ஏறும் கத்திகளில் என்ன கூடுகிறது, அதில் எது ஒருவருடைய தேவைக்கு உரியது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் உயர்தரக் கத்தியைச் சரியாகத் தேர்வு செய்ய முடியும்.

வெட்டும் திறன் விலையோடு சேர்ந்து ஏறிக்கொண்டே போவதில்லை. அதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அலகின் மெலிவும் கூரின் கோணமும்தான். இரண்டும் மலிவான கத்தியிலும் நன்றாக அமையலாம், விலை உயர்ந்த கத்தியில் கெட்டுப்போகவும் செய்யலாம். விலை கூடும்போது கிடைப்பவை வேறு: நெடுநாள் மழுங்காத எஃகு, பத்து ஆண்டு கழித்தும் ஆடாத பூட்டு, நுட்பமாகக் கடைந்த அச்சாணி, துருப்பிடிக்காத எடை குறைந்த கைப்பிடி, கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி பூட்டக்கூடிய அமைப்பு. 50 முதல் 100 டாலருக்குள் சிவிவி போன்ற சீனக் கத்திகள் நல்ல எஃகையும் பேரிங் சுழற்சியையும் தந்துவிடுகின்றன. 150 முதல் 250 டாலர் வரையிலான படியில் ஸ்பைடர்கோவின் பாரா மிலிட்டரி 2, பெஞ்ச்மேடின் பக்அவுட் போன்றவை நிற்கின்றன. 400 டாலருக்கு மேல் கிறிஸ் ரீவின் செபென்சா, ரிக் ஹிண்டரரின் எக்ஸ்எம்-18 போன்ற டைட்டானியக் கத்திகள் வருகின்றன. அதற்கும் மேலே உள்ளவை தனிக் கைவினைஞர்கள் ஒவ்வொன்றாகச் செய்பவை. அங்கே விலை கலைப்பொருளுக்கு உரிய கணக்கில் போடப்படுகிறது. அன்றாட வேலையை மட்டும் கருதினால் இரண்டாவது படியைத் தாண்ட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. தாண்டுபவர் செய்நேர்த்திக்காகத் தாண்டுகிறார். அதுவும் நியாயமான காரணமே.

இந்த வகைக் கத்தி இன்றைய வடிவத்தை அடைந்தது கடந்த அறுபது ஆண்டுகளில்தான். 1964இல் அமெரிக்காவின் பக் நிறுவனம் வெளியிட்ட 110 என்ற வேட்டைக்கத்தி, மடக்குக்கத்தியும் நிலையான கத்தியைப் போல உறுதியாக நிற்க முடியும் என்று காட்டியது. ஆனால் பித்தளையும் மரமும் சேர்ந்து அது கனத்தது. இடுப்பில் உறை மாட்டித்தான் சுமக்க வேண்டும். 1981இல் ஸ்பைடர்கோவின் சால் கிளெசர் வொர்க்கர் என்ற கத்தியில் இரண்டு மாற்றங்களைக் கொண்டுவந்தார். அலகில் ஒரு வட்டத்துளை, கைப்பிடியில் ஒரு கிளிப். துளையில் கட்டைவிரலை வைத்து ஒரே கையால் திறக்கலாம். கிளிப்பைப் பையின் விளிம்பில் மாட்டிவிட்டால் கத்தி அடியில் போய்ப் புரளாது. அதே காலத்தில் மைக்கேல் வாக்கர் என்ற கைவினைஞர், மெல்லிய தகட்டால் அலகை நிறுத்தும் லைனர் பூட்டைச் செம்மைப்படுத்தினார். தென்னாப்பிரிக்காவில் பிறந்து 1989இல் அமெரிக்காவின் ஐடாஹோ மாநிலத்தில் குடியேறிய கிறிஸ் ரீவ், பூட்டைத் தனித் தகடாக வைக்காமல் டைட்டானியக் கைப்பிடியிலேயே வெட்டி எடுத்தார். அவருடைய செபென்சா உயர்தர மடக்குக்கத்திக்கு ஓர் அளவுகோலாகவே ஆகிவிட்டது. இன்று கடையில் உள்ள பெரும்பாலான கத்திகள் இந்த நால்வரின் வழியில் வந்தவை.

தேர்வு வேலையிலிருந்து தொடங்க வேண்டும். நகரத்தில் வாழும் ஒருவருடைய கத்தி அதிகம் சந்திப்பது அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் பட்டை, ஒட்டுநாடா, பழம், காய் ஆகியவற்றைத்தான். இவற்றுக்கு 7 முதல் 9 செ.மீ. வரையிலான அலகு தாராளம். 7 செ.மீ.க்குக் கீழே போனால் ஆப்பிளை ஒரே இழுப்பில் வெட்ட முடியாது; 9 செ.மீ.க்கு மேலே போனால் கத்தி பையில் உறுத்தும், பார்ப்பவர்களும் முகம் சுளிப்பார்கள், சட்டச் சிக்கலும் நெருங்கும். எடையும் நீளத்துக்கு நிகராகக் கவனிக்க வேண்டியது. பக்அவுட் 82 மி.மீ. அலகோடு 52 கிராம் மட்டுமே இருக்கிறது. ஏறத்தாழ அதே வேலையைச் செய்யும் டைட்டானியக் கத்திகள் பல அதைப்போல இருமடங்குக்கும் மேல் கனக்கின்றன. மெல்லிய பருத்திக் கால்சட்டையில் 120 கிராம் தொங்கும்போது துணி இழுபடுகிறது. ஒரு வாரத்தில் கத்தி மேசை இழுப்பறைக்குப் போய்விடும். உடன் இல்லாத கத்தி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தும் பயனில்லை என்பதால், எடையை வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது.

அலகின் வெளிவடிவத்தில் அதிகம் குழம்ப வேண்டியதில்லை. முதுகு மெல்லச் சரிந்து, முனை நடுக்கோட்டுக்கு அருகில் இறங்கும் டிராப் பாயிண்ட் வடிவம் எல்லா வேலைக்கும் பொருந்தும். கூர் நேர்கோடாக ஓடும் ஷீப்ஸ்ஃபுட் வகை அட்டையும் நாடாவும் அறுப்பவருக்கு உகந்தது. முனை குத்தாது என்பதால் பாதுகாப்பும் கூடுதல். ரம்பப்பல் வைத்த கூர் கயிற்றையும் நார்ப்பட்டையையும் நன்றாக அறுக்கும், ஆனால் வீட்டில் தீட்டுவது கடினம்.

அதிகம் பார்க்க வேண்டியது அலகின் குறுக்குவெட்டு. விற்பனையாளர்கள் இதைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறார்கள், வெட்டு நடப்பதோ இங்கேதான். முதுகுப்பக்கத் தடிப்பு ஒன்று, கூருக்குச் சற்று மேலே உள்ள தடிப்பு இன்னொன்று. இரண்டாவதுதான் முக்கியம். கூர் தொடங்கும் இடத்துக்கு உடனே மேலே 0.3 முதல் 0.5 மி.மீ. இருந்தால் அலகு அட்டைக்குள் தடையின்றி இறங்கும். 0.7 மி.மீ.யைத் தாண்டினால் எவ்வளவு கூராக இருந்தாலும் ஆப்பு இறக்குவது போலப் பிளந்துகொண்டுதான் போகும். ஓர் ஆப்பிளை வெட்டிப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். மெலிந்த அலகு ஓசையில்லாமல் அடிவரை போகிறது. தடித்த அலகு பாதி வழியில் ‘சட்’ என்று பழத்தைப் பிளக்கிறது, வெட்டிய முகம் சொரசொரப்பாக இருக்கிறது. ‘கடினமான வேலைக்கு’ என்று விளம்பரப்படுத்தப்படும் 4 மி.மீ. முதுகுள்ள கத்திகளில் பல இந்தச் சோதனையில் தோற்றுப்போகும். முதுகிலிருந்து கூர்வரை ஒரே சரிவாகத் தேய்த்த முழுத்தட்டைச் சரிவும், பக்கங்கள் உட்குழிந்த குழிச்சரிவும் அன்றாட வேலைக்கு ஏற்றவை. கூரின் கோணம் பக்கத்துக்கு 15 முதல் 17 பாகை இருப்பது நல்லது. தொழிற்சாலைகள் பெரும்பாலும் 20 பாகையில் விடுகின்றன. வாங்கியவர் தீட்டும்போது குறைத்துக்கொள்ளலாம்.

எஃகின் பெயரை வைத்தே கத்தியை மதிப்பிடும் வழக்கம் வாங்குபவர்களிடையே வேரூன்றிவிட்டது. அது முழுத் தவறும் அல்ல, முழுச் சரியும் அல்ல. எஃகில் உள்ள கரி, குரோமியம் வனேடியம் போன்ற உலோகங்களோடு சேர்ந்து கார்பைடு என்ற கடினமான நுண்மணிகளாகிறது. தேய்மானத்தைத் தாங்குபவை இந்த மணிகள். குரோமியக் கார்பைடின் கடினம் விக்கர்ஸ் அளவில் சுமார் 1500, வனேடியக் கார்பைடுடையது சுமார் 2800. அதனால்தான் வனேடியம் கூடிய எஃகு நெடுநேரம் கூர் மழுங்காமல் நிற்கிறது. ஆனால் மணிகள் பெருத்துவிட்டால் கூரின் ஓரம் பொடிந்துபோகும். பெரிய ஜல்லி போட்ட காங்கிரீட்டில் மெல்லிய விளிம்பு எடுக்க முடியாதது போன்ற நிலை அது. அச்சில் ஊற்றி மெதுவாக ஆறவிடும் பழைய முறையில் இந்தச் சிக்கலைத் தவிர்க்க வழியில்லை. அமெரிக்காவின் குரூசிபிள் நிறுவனம் கையாண்ட தூள் முறையில், உருக்கிய எஃகை நைட்ரஜன் தாரையால் சிதறடிக்கிறார்கள். ஒவ்வொரு துளியும் கண்ணிமைக்கும் நேரத்தில் உறைந்துவிடுவதால் மணிகள் பெருக்க நேரமே இல்லை. அந்தத் தூளை உலோகக் கலத்தில் அடைத்து, உயர்ந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஒரே கட்டியாக்குகிறார்கள்.

கத்தி உலகில் புகழ்பெற்ற எஃகுகளில் பெரும்பாலானவை வேறு தொழில்களுக்காகப் பிறந்தவை. 154சிஎம் உயர்வெப்ப விமானப் பொறி உறுப்புகளுக்கு உரியதாக இருந்தது. ஆஸ்திரியாவின் போலர் நிறுவனத்துடைய எம்390 பிளாஸ்டிக் வார்ப்புத் தொழிலுக்கு உரியது. 2001இல் வெளியான எஸ்30வி கத்திக்கென்றே வகுக்கப்பட்டவற்றில் முன்னோடி. குரூசிபிளின் டிக் பார்பர், கிறிஸ் ரீவ் போன்ற கத்தி செய்பவர்களின் கருத்தைக் கேட்டு அதை உருவாக்கினார். அதில் 14 விழுக்காடு குரோமியமும் 4 விழுக்காடு வனேடியமும் உண்டு. 2009இல் வந்த எஸ்35விஎன், வனேடியத்தைச் சற்றுக் குறைத்து நியோபியம் சேர்த்து, முறிவு தாங்கும் திறனைக் கூட்டியது. 2021இல் லாரின் தாமஸ் என்ற உலோகவியலாளர் வகுத்த மேக்னாகட் வெளிவந்தது. இன்று சமநிலை மிகுந்த எஃகு எது என்று கேட்டால் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

மேக்னாகட்டின் சிறப்பைப் புரிந்துகொள்ள டி2 என்ற பழைய கருவி எஃகோடு ஒப்பிட்டால் போதும். டி2இல் குரோமியம் 12 விழுக்காடு இருக்கிறது, ஆனாலும் துருப்பிடிக்கிறது. மேக்னாகட்டில் 10.7 விழுக்காடுதான், அது துருவை மிக நன்றாகத் தாங்குகிறது. டி2இல் உள்ள குரோமியத்தில் பெரும்பங்கு கார்பைடு மணிகளில் சிறைப்பட்டுக் கிடக்கிறது. துருவைத் தடுக்கும் மெல்லிய படலத்தை அமைப்பதோ எஃகில் கரைந்து நிற்கும் குரோமியம் மட்டுமே. மேக்னாகட்டில் குரோமியக் கார்பைடே உருவாகாதபடி கரியின் அளவு தீர்மானிக்கப்பட்டுள்ளது; தேய்மானம் தாங்கும் வேலையை வனேடியமும் நியோபியமும் பார்த்துக்கொள்கின்றன. வியர்வையும் கடற்காற்றும் ஓயாத சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் போன்ற ஊர்களில் வாழ்பவருக்கு இந்த வேறுபாடு மிகப் பெரிது. விலைப்பட்டியலில் ‘டி2’ என்று கண்டு, குரோமியம் இத்தனை விழுக்காடு என்று படித்து, துருப்பிடிக்காது என்று நம்பி வாங்குபவர் ஒரு மழைக்காலத்திலேயே அலகில் புள்ளிகளைக் காண்பார். கடலிலேயே வேலை செய்பவருக்கு, கரியைக் குறைத்து வகுத்த எச்1, எல்சி200என் போன்றவை இன்னும் ஏற்றவை. ஸ்பைடர்கோ தன் ‘சால்ட்’ வரிசையை அத்தகைய எஃகைக் கொண்டே தொடங்கியது.

எஃகின் பெயருக்கு நிகரான எடை வெப்பப் பதத்துக்கும் உண்டு. ஒரே எஃகை ஒருவர் ராக்வெல் கடின அளவில் 58இலும் இன்னொருவர் 63இலும் பதம் போட்டால் அவை இரண்டு வேறு எஃகுகளைப் போலவே நடந்துகொள்ளும். பக் நிறுவனம் 420எச்சி என்ற எளிய எஃகைக் கொண்டே நல்ல பெயர் எடுத்ததற்கு பால் பாஸ் வகுத்த பதமுறை முக்கியக் காரணம். மேக்னாகட்டை 60க்குக் கீழே விட்டுவிடும் நிறுவனங்கள் அந்த எஃகின் பெயரை மட்டுமே விற்கின்றன. எந்தக் கடினத்தில் பதம் போடப்பட்டது என்று வெளிப்படையாகச் சொல்லும் நிறுவனத்துக்கு முன்னுரிமை கொடுப்பது நல்லது. லாரின் தாமஸ் பல பத்து எஃகுகளை இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உள்ள காட்ரா அமைப்பின் இயந்திரத்தில் சோதித்து வெளியிட்ட முடிவுகளும் எஃகின் பெயர் மட்டும் போதாது என்பதையே உறுதி செய்கின்றன. கூரின் கோணத்தைச் சில பாகை குறைப்பது, விலை உயர்ந்த எஃகுக்கு மாறுவதற்கு ஈடான பலனைத் தருகிறது. எனவே அலகின் வடிவம், பதம், எஃகின் பெயர் என்ற வரிசையில்தான் பார்வை போக வேண்டும். பெயரிலிருந்து தொடங்குபவர் தேவைக்கு மேல் செலவழிக்கிறார்.

நீரலை போன்ற கோலம் ஓடும் ‘டமாஸ்கஸ்’ அலகுகள் உயர்விலைக் கத்திகளில் அடிக்கடி வருகின்றன. பெயர் பழையது, பொருள் வேறு. இன்று விற்பவை இரண்டு எஃகுகளை அடுக்கி இணைத்து, அமிலத்தில் தோய்த்துக் கோலத்தை வெளிக்கொணர்ந்தவை. பழைய டமாஸ்கஸ் வாள்களோ தென்னிந்தியாவில் மூசையில் உருக்கிய எஃகுக் கட்டியிலிருந்து அடிக்கப்பட்டவை. அத்தகைய உருக்குத் தொழிலின் தடயங்கள் ஈரோடு மாவட்டக் கொடுமணலில் கிடைத்துள்ளன. ஜான் வெர்ஹோவன் என்ற உலோகவியலாளரும் ஆல்ஃபிரட் பென்ட்ரே என்ற கொல்லரும் 1998இல் வெளியிட்ட ஆய்வு, அந்த எஃகின் கோலத்துக்கு அதில் மிகச் சிறு அளவில் கலந்திருந்த வனேடியம் போன்ற உலோகங்களே காரணம் என்று விளக்கியது. இன்றைய தூள் எஃகில் கணக்கிட்டுச் சேர்க்கும் அதே வனேடியம், அன்று தாதுவோடு தானாக வந்தது. ஸ்வீடனின் டமாஸ்டீல் போன்ற நிறுவனங்கள் தூள் முறையில் செய்யும் கோல எஃகு தரத்தில் குறைந்ததல்ல. ஆனால் அதற்குக் கொடுக்கும் கூடுதல் விலை கண்ணுக்கு இன்பம் தருவதற்காகத்தான், கூருக்காக அல்ல.

அடுத்து பூட்டு. விரல்களைக் காப்பது அதுதான் என்பதால் இதில் எவ்விதச் சமரசமும் கூடாது. பூட்டே இல்லாமல் முதுகில் உள்ள வில்தகட்டின் அழுத்தத்தால் மட்டும் நிற்கும் பேனாக்கத்தி வகை எளிய வேலைக்குப் போதும். பல நாடுகளில் சட்டமும் அதைத்தான் விரும்புகிறது. பக் 110இல் உள்ள முதுகுப்பூட்டு உறுதியானது, தூசியைப் பொருட்படுத்தாது. ஆனால் ஒரு கையால் மூடுவது கடினம், காலப்போக்கில் அலகு மேலும்கீழுமாகச் சற்று ஆடத் தொடங்கும். லைனர் பூட்டில், கைப்பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு ஒன்று அலகின் அடிப்பகுதிக்குப் பின்னால் வளைந்து வந்து நிற்கிறது. எளிமையானது, எடை குறைந்தது. கிறிஸ் ரீவின் பிரேம் பூட்டில் கைப்பிடியின் ஒரு பக்கமே வளைந்து வந்து அந்த வேலையைச் செய்கிறது. கத்தியை இறுக்கிப் பிடிக்கப் பிடிக்கப் பூட்டும் இறுகுகிறது என்பது இதன் பெரும் நன்மை.

ஆனால் பிரேம் பூட்டில் ஓர் உள்ளார்ந்த குறை உண்டு. டைட்டானியம் எஃகைவிட மென்மையானது. 60 ராக்வெல் எஃகோடு ஆயிரக்கணக்கான முறை உரசும்போது டைட்டானியத்தின் முகம் தேய்ந்து, சில வேளை எஃகோடு ஒட்டிக்கொண்டு விடாப்பிடியாக நிற்கும். இதைத் தவிர்க்க நல்ல நிறுவனங்கள் பூட்டுமுகத்தில் தனியாக ஓர் எஃகுத் துண்டைத் திருகுகின்றன. தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம். 2019இல் வந்த செபென்சா 31இல் அந்த இடத்தில் ஒரு பீங்கான் குண்டு வைக்கப்பட்டது. வாங்கும்போது கத்தியைத் திறந்து, பூட்டுத்தகடு அலகின் அடிமுகத்தில் எவ்வளவு தூரம் போய் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். முகத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்குள் நின்றால் தேய்மானத்துக்கு இடம் மிச்சம் இருக்கிறது என்று பொருள். மறுகோடிவரை போயிருந்தால் அந்தக் கத்தியின் ஆயுள் புதிதாக இருக்கும்போதே செலவாகிவிட்டது.

பெஞ்ச்மேட் 1990களின் கடைசியில் கொண்டுவந்த ஆக்சிஸ் பூட்டு பில் மெக்கென்றி, ஜேசன் வில்லியம்ஸ் இருவரின் கண்டுபிடிப்பு. குறுக்கே ஓடும் ஓர் எஃகுக் கம்பியை இரண்டு மெல்லிய சுருள்கள் முன்னோக்கித் தள்ள, அது அலகுக்கும் தடுப்பாணிக்கும் நடுவில் ஆப்பாக நிற்கிறது. மூடும்போது விரல் எங்கும் அலகின் பாதையில் வராது. இடக்கையருக்கும் வலக்கையருக்கும் ஒரே மாதிரி பொருந்தும். அந்தச் சுருள்கள் எப்போதாவது முறியும் என்பதுதான் இதன் பலவீனம். ஒன்று முறிந்தாலும் மற்றது தாங்கும். காப்புரிமைக் காலம் முடிந்தபின் பல நிறுவனங்கள் இதே அமைப்பை வேறு பெயர்களில் பயன்படுத்துகின்றன. ஸ்பைடர்கோவின் கம்ப்ரஷன் பூட்டு லைனரை முதுகுப்பக்கத்துக்கு மாற்றியது. மூடும்போது விரல் அங்கேயும் பாதுகாப்பாக இருக்கிறது. அன்றாடப் பயன்பாட்டுக்கு இவை இரண்டும் மற்றெல்லாவற்றையும்விட மேல் என்று துணிந்து சொல்லலாம். கத்தியின் முதுகை மேசையில் ஓங்கி அறைந்து பூட்டைச் சோதிக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. எந்த வேலையிலும் நேராத விசை அது, கத்தியைக் கெடுக்க மட்டுமே உதவும்.

மூடிய நிலையில் அலகை நிறுத்தி வைப்பதும் பூட்டின் கடமைதான். லைனர், பிரேம் வகைகளில் பூட்டுத்தகட்டில் பதித்த சிறு குண்டு ஒன்று அலகில் உள்ள பள்ளத்தில் விழுந்து பிடித்துக்கொள்கிறது. இந்தப் பிடி தளர்ந்திருந்தால் பையிலேயே அலகு சற்றுத் திறந்து, கைவிடும்போது விரலைக் கீறும். மூடிய கத்தியை அலகு திறக்கும் பக்கம் கீழாகப் பிடித்து ஓங்கி உதறினாலும் அலகு அசையக்கூடாது.

அச்சாணியில்தான் உயர்விலையின் பொருள் கையில் புலப்படும். மலிவான கத்தியில் திருகை இறுக்கினால் அலகு நகராது, தளர்த்தினால் பக்கவாட்டில் ஆடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலையைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். செபென்சாவில் அச்சாணியைச் சுற்றி ஓர் உருளை உண்டு. அதன் நீளமும் அலகு, வாஷர்கள் இவற்றின் மொத்தத் தடிப்பும் மிக நுண்ணிய அளவில் பொருத்தப்பட்டிருப்பதால், திருகை முழுவதும் இறுக்கினாலும் அலகு வழவழவென்று சுழல்கிறது, ஆட்டமும் இல்லை. இந்த அளவுத் துல்லியம் கைநேரத்தையும் இயந்திர நேரத்தையும் விழுங்குவது. கொடுக்கும் பணம் போகும் இடம் இதுதான். சுழற்சிக்கு வெண்கல வாஷரா, பேரிங்கா என்பதில் சூழலைப் பார்க்க வேண்டும். பேரிங் உள்ள கத்தி ஒரு தட்டலில் பறந்து திறக்கும். ஆனால் நூல்பிசிறும் மணலும் குண்டுகளுக்கு நடுவில் புகுந்துவிடும். வயலிலோ கட்டட வேலையிலோ இருப்பவருக்கு வாஷரே நல்லது.

கைப்பிடிப் பொருள்களில் டைட்டானியம் உயர்தரத்தின் அடையாளமாகிவிட்டது. அதன் எடை ஒரு கன செ.மீ.க்கு 4.43 கிராம், எஃகினுடையது 7.8 கிராம். வியர்வையால் துருப்பிடிக்காது. ஆனால் வழுக்கும், சில்லிடும், எளிதில் கீறலும் விழும். கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்து அழுத்திய ஜி10 ஈரக்கையிலும் பிடிப்புத் தரும், விலையும் குறைவு. துணியைப் பிசினில் ஊறவைத்துச் செய்யும் மைகார்ட்டா கைபடக் கைபட நிறம் மாறி, பிடிப்பும் கூடும். கார்பன் இழை எடையைக் குறைக்கும், அழகும் உண்டு. நடைமுறையில் ஜி10 தாழ்ந்ததல்ல; டைட்டானியத்தைத் தேர்வு செய்பவர் அதன் நீடிப்புக்காகவும் பிரேம் பூட்டுக்காகவும் தேர்வு செய்கிறார். கிளிப் கத்தியை ஆழமாகப் பைக்குள் இறக்குவதாகவும், இடப்பக்கமும் மாற்றி மாட்டக்கூடியதாகவும் இருந்தால் நல்லது. உள்ளங்கையில் ஐந்து நிமிடம் இறுக்கிப் பிடித்துப் பார்த்தால் கிளிப் உறுத்துமா என்பது தெரிந்துவிடும்.

சட்டம் பலருடைய தேர்வைத் தலைகீழாக்கிவிடும். இங்கிலாந்தில் 1988ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டப்படி, கூர் 3 அங்குலத்துக்கு மிகாத மடக்குக்கத்தியைக் காரணம் காட்டாமல் வைத்திருக்கலாம். ஆனால் பூட்டும் கத்திகளை மடக்குக்கத்தியாகவே நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. ஜெர்மனியில் ஒரு கையால் திறந்து பூட்டும் கத்தியை நியாயமான காரணமின்றி வெளியே கொண்டுசெல்ல 2008 முதல் தடை. ஜப்பானில் 6 செ.மீ.க்கு மேற்பட்ட அலகைத் தக்க காரணமின்றி வெளியே கொண்டுசெல்வது குற்றம். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுகிறது. இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் உள்ள விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீட்டு, வேளாண், தொழிற்பயன்பாட்டுக் கருவிகளுக்கு விலக்கு உண்டு. இதோடு முடிவதில்லை. டெல்லி நிர்வாகம் 1980இல் பிறப்பித்த அறிவிப்பு, பொத்தானாலோ சுருளாலோ பிற பொறியாலோ திறந்து மூடும் கத்திகளுக்கு 7.62 செ.மீ. நீளம், 1.72 செ.மீ. அகலம் என்ற எல்லையை வைத்தது. எனவே பொத்தானை அழுத்தியதும் தானே திறக்கும் வகையைத் தவிர்த்து, 7.5 செ.மீ.க்கு உட்பட்ட, கட்டைவிரலால் திறக்கும் கத்தியை எடுப்பதே இந்தியாவில் வாழ்பவருக்குப் பாதுகாப்பு. விமானத்தின் கைப்பையில் கத்தியை வைக்காமல் இருப்பதே நல்லது.

எங்கே செய்தது என்பதை வைத்துத் தரத்தைக் கணிப்பது இப்போது பொருந்தாது. ஜெர்மனியின் சோலிங்கன், இத்தாலியின் மனியாகோ, ஜப்பானின் செகி ஆகியவை நூற்றாண்டுகளாகக் கத்திக்குப் பெயர்போன ஊர்கள். தைவானின் தைச்சுங்கில் ஸ்பைடர்கோவுக்காகச் செய்யப்படும் கத்திகளின் நேர்த்தி அந்நிறுவனத்தின் அமெரிக்கத் தயாரிப்பையே சில வேளை மிஞ்சுகிறது. சீனாவின் யாங்ஜியாங்கில் உள்ள வீ நிறுவனம் 200 முதல் 300 டாலருக்குத் தரும் டைட்டானியக் கத்தியின் பொருத்தம், அதைப்போல இருமடங்கு விலையுள்ளவற்றோடு போட்டியிடுகிறது. அமெரிக்க நிறுவனங்களுக்குக் கொடுக்கும் கூடுதல் விலையில் ஒரு பங்கு, பல ஆண்டு கழித்தும் உதிரிப்பாகம் கிடைக்கும், கத்தியைத் திருப்பி அனுப்பினால் சரிசெய்து தருவார்கள் என்ற உறுதிக்காகப் போகிறது. தபாலும் சுங்கமும் அந்த உறுதியைத் தொலைதூரத்தில் இருப்பவருக்குப் பாதியாக்கிவிடுகின்றன. அவர் தானே கழற்றிப் பூட்டக்கூடிய, சாதாரண நட்சத்திரத் திருகுகள் உள்ள கத்தியைத் தேடுவது அறிவு. போலிகளும் ஏராளம். செபென்சா, எக்ஸ்எம்-18, பக்அவுட் ஆகியவற்றின் அச்சுநகல்கள் இணையக் கடைகளில் பத்தில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கின்றன. பெயரும் எஃகின் குறியும் பொறித்திருக்கும். உள்ளே இருப்பது வேறு எஃகு. அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் வாங்குவதைத் தவிர இதற்கு நம்பகமான வழி இல்லை.

கையில் வந்ததும் சில நிமிடங்கள் செலவிட்டுப் பார்க்க வேண்டியவை உண்டு. மூடிய நிலையில் அலகு இரு பக்கங்களுக்கும் நடுவில் நிற்கிறதா, திறந்தபின் முனையைப் பிடித்து மேலும்கீழும் பக்கவாட்டிலும் அசைத்தால் ஆட்டம் தெரிகிறதா, கூர் இரு பக்கமும் ஒரே அகலத்தில் தேய்க்கப்பட்டிருக்கிறதா என்பவை முதலில். கூர் கைப்பிடியை நெருங்கும் இடத்தில் ஒரு சிறு வெட்டு இருந்தால் மிக நல்லது. அது இல்லாத அலகில் நாளடைவில் தீட்டத் தீட்ட அந்த மூலை மட்டும் தேயாமல் துருத்திக்கொண்டு நிற்கும்.

பராமரிப்பையும் தேர்வின் பகுதியாகவே கருத வேண்டும். வனேடியம் கூடிய எஃகை வீட்டில் உள்ள சாதாரணச் சாணைக்கல் எளிதில் கடிக்காது. கல்லில் உள்ள அலுமினியம் ஆக்சைடைவிட அலகில் உள்ள மணிகள் கடினம். வைரத்தூள் பதித்த தட்டும், தோலில் தடவ வைரப்பசையும் வேண்டும். கத்தியின் விலையோடு இதையும் கூட்டிக் கணக்கிட வேண்டும். மழுங்கிய பிறகு வெகுநேரம் போராடுவதைவிட, வாரம் ஒருமுறை தோலில் பத்து இழுப்பு இழுப்பது கூரை மாதக்கணக்கில் காக்கும். தீட்டும் பழக்கமே இல்லாதவருக்கு ஸ்வீடனின் 14சி28என் போன்ற எளிய எஃகு, எந்த உயர்ந்த எஃகையும்விட நல்ல தேர்வு. சில நிமிடங்களில் கூர் ஏறிவிடும், துருவும் பிடிக்காது. பழம் நறுக்கியபின் அலகைத் துடைத்து மூட வேண்டும். புளிப்புச் சாறு அச்சாணிக்குள் இறங்கினால் அலகு துருப்பிடிக்காவிட்டாலும் திருகுகள் பிடித்துக்கொள்ளும். சில மாதத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைத்து, வாஷரில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். அதற்கு மேல் விட்டால் எண்ணெயோடு தூசியும் சேர்ந்து களிம்பாகிச் சுழற்சியைக் கெடுக்கும்.